சிவப்புக் கயிற்றை அவிழ்ப்பது யார்?

கியா பார்ம் சந்தையில் வார இறுதியில் காரை நிறுத்த இடம் தேடித் தவித்தவர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் சோளம், தேன், ஸ்ட்ராபெரி கடைகள். மறுபக்கம் சரிவு முழுக்க நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். சுற்றுப்பயணிகள் எட்டிப் பார்க்காத கொட்டகை ஒன்று அந்தச் சரிவில் உண்டு. காய்கறியைத் தரம் பிரித்து லாரியில் ஏற்றும் இடம். என் அண்ணன் 17 வயதிலிருந்து அங்கேதான் வேலை பார்த்தார்.

பள்ளி விடுமுறையில் நானும் போய் உட்கார்ந்திருப்பேன். முட்டைக்கோஸ் கூடைகள் வரிசையாக வரும். அழுகல், புழு என்று தவுக்கேயின் கண்ணில் பட்டால், அந்தக் கூடையின் காதில் சிவப்பு ராஃபியா கயிறு ஒன்றைக் கட்டிவிடுவார். கயிறு கட்டிய கூடை லாரிக்குப் போகாது. பின்னாலுள்ள எருக்குழிக்குப் போகும். ஒருநாள் அந்தியில், கணக்குக் குறைகிறதே என்று ஒருவன் நாலைந்து கூடைகளின் கயிற்றை அவிழ்த்து நல்ல கூடைகளோடு வைத்துவிட்டான். லாரி கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சரக்கு நாறிவிட்டது. அந்தக் கதையை அண்ணன் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோல் சிரிப்பார்.

2016-இல் அவருக்கு வயது 42. சட்டை தொளதொளவென்று ஆனது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்றார். மலைக் குளிரில் வயிறு சரியில்லை என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். வயிறு உப்பத் தொடங்கிய பிறகுதான் தானா ராத்தாவுக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கல்லீரலில் 9 சென்டிமீட்டர் கட்டி. ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி. ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

ஈரல் கெட்டது என்றால் நம் தோட்டப்புறத்தில் ஒரே காரணம்தான்: சம்சு. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் “அவ்வளவு குடிப்பாரா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அண்ணன் தீபாவளிக்குக்கூட பீரைத் தொட்டதில்லை. குடி ஈரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உலகில் கல்லீரல் புற்றுநோய்க்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று, குடிக்கே சம்பந்தமில்லாத இந்தக் கிருமி. தைவானில் அரசு ஊழியர்களான 22,707 ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த பாமர் பீஸ்லியின் ஆய்வு 1981-இல் வெளியானது. கிருமியை உடலில் தாங்கியவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல் என்றது அது.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். புரதம் எப்படி உருவாகிறது என்பதை இரண்டு வாரம் நடத்துகிறோம். அது எப்படி அழிகிறது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அண்ணன் போன பிறகு, அந்த ஒரு வரியில்தான் அவருடைய நோய் ஒளிந்திருந்தது என்று தெரிந்துகொண்டேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு கொட்டகைதான். ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உள்ளே வந்து வேலை செய்கின்றன. வேலை முடிந்தவை, பழுதானவை, அளவுக்கு மீறியவை எல்லாம் வெளியேற வேண்டும். வெளியேற வேண்டிய புரதத்தின்மேல் செல் ஒரு சிறு குறியைக் கட்டுகிறது. யூபிக்விட்டின் என்று பெயர். அதுவும் ஒரு புரதம்தான். 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட பொடியன். ஒன்று கட்டினால் போதாது. ஒன்றின் வாலில் இன்னொன்றாகச் சங்கிலிபோல் கட்ட வேண்டும். சங்கிலி கட்டிய புரதத்தை, புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ எந்திரம் உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். ராஃபியா கயிறும் எருக்குழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரைச் சேர்ந்த அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சியெக்கனோவர், அமெரிக்காவின் இர்வின் ரோஸ் ஆகிய மூவர். 2004-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. முக்கியமான வேலை பலவும் நடந்தது பிலடெல்பியாவில், ரோஸ் பணியாற்றிய ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில். அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வரும்.

கயிறு கட்டுகிறவர்கள் இருந்தால் அவிழ்க்கிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? மனித உடலில் அப்படிப்பட்ட நொதிகள் ஏறத்தாழ 100 உண்டு. யூபிக்விட்டின் சங்கிலியைக் கழற்றி, குழிக்குப் போக இருந்த புரதத்தைக் காப்பாற்றுவது இவற்றின் வேலை. இது குற்றமல்ல. தவறிக் கட்டிய கயிற்றை அவிழ்க்கவும் ஆள் வேண்டும். ஒரு புரதம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைக் கட்டுகிறவரும் அவிழ்க்கிறவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள். அவிழ்க்கிறவர் கை ஓங்கும்போதுதான் வினை.

கல்லீரலில் இந்த வினை ஏன் பெரிதாகிறது என்று புரிந்துகொள்ள அந்த உறுப்பின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரல் வெட்டினால் வளரும். ஆய்வகத்தில் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் சில நாட்களில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படி வளரச் சொல்லும் புரதங்களில் ஒன்று யாப். சுண்டெலியின் ஈரலில் யாப் புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்கிப் பார்த்தார்கள். ஈரல் பல மடங்கு பெருத்தது. 2007-இல் வெளியான முடிவு அது. அதாவது யாப் அவசியமான வேலையாள்; ஆனால் வேலை முடிந்ததும் கயிறு கட்டி வெளியேற்றப்பட வேண்டிய வேலையாள்.

கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் யாப் வெளியேறுவதில்லை. ஏன் என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று யூஎஸ்பி10 என்னும் அவிழ்க்கும் நொதி. 2020-இல் கேன்சர் ரிசர்ச் இதழில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: இந்த நொதி யாப்பின் மேலுள்ள சங்கிலியைக் கழற்றுகிறது, யாப் நிலைத்து நிற்கிறது, கட்டி வளர்கிறது. நொதியைக் குறைத்தால் வளர்ச்சியும் குறைகிறது. யூஎஸ்பி22 என்று இன்னொன்று. கட்டி பெரிதாகும்போது நடுவில் ஆக்சிஜன் போதாமல் போகும். அந்தப் பற்றாக்குறையில் செல் பிழைத்திருக்க உதவும் புரதத்தை அது காக்கிறது. மூச்சு முட்டிச் சாக வேண்டிய செல் சாகாமல் இருக்கிறது.

வேறு விதமான தில்லுமுல்லும் உண்டு. பீட்டா கேட்டனின் என்ற வளர்ச்சிப் புரதத்தில் மரபணு மாற்றம் ஏற்பட்டு, கயிறு கட்டுவதற்கான இடமே கெட்டுப்போகிறது. கூடைக்குக் காதே இல்லாவிட்டால் எங்கே கட்டுவது? கல்லீரல் புற்றுநோய்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்த மாற்றத்தோடு காணப்படுகின்றன.

கிருமியும் சும்மா இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமி எக்ஸ் என்ற ஒரு சின்னப் புரதத்தைத் தயாரிக்கிறது. கிருமியின் மரபணுவை அடக்கிவைக்கும் காவல் புரதக் கூட்டம் ஒன்று நம் செல்லில் இருக்கிறது. எக்ஸ் புரதம், நம் செல்லின் கயிறு கட்டும் ஆட்களையே பிடித்துக்கொண்டுபோய், அந்தக் காவல்காரர்மேல் கயிற்றைக் கட்டவைக்கிறது. காவல்காரர் எருக்குழிக்குப் போகிறார்; கிருமி சாவகாசமாகப் பெருகுகிறது. 2016-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. அண்ணன் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த அதே ஆண்டு. இதைப் பின்னாளில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கிருமிமேல் கோபப்பட்டு என்ன செய்வது?

சரி, அவிழ்க்கும் கையைப் பிடித்துக்கொண்டால் நோய் நின்றுவிடுமே என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. இந்த அமைப்பைத் தொடும் மருந்து ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. போர்ட்டிசோமிப் என்ற மருந்து, அந்தப் பீப்பாய் எந்திரத்தை அடைத்துவிடும். 2003 முதல் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அவிழ்க்கும் நொதியை மட்டும் குறிவைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. அப்படிப்பட்ட மருந்து ஒன்றை அதே மஜ்ஜைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது, 2 பேர் கடும் மூச்சுத்திணறலில் இறந்துபோனார்கள்; சோதனை நிறுத்தப்பட்டது. மேலே சொன்ன யூஎஸ்பி10-க்கே இரண்டு முகம்: வேறோர் ஆய்வுக்குழு, அது கல்லீரலில் புற்றை அடக்கும் புரதங்களையும் காப்பாற்றுகிறது என்று 2018-இல் எழுதியது. ஒரே கை, திருடனின் கயிற்றையும் அவிழ்க்கிறது, காவல்காரரின் கயிற்றையும் அவிழ்க்கிறது. அதைக் கட்டிப்போட்டால் யாருக்கு லாபம் என்பது இன்னும் தீராத கேள்வி. இன்றைக்குக் கல்லீரல் புற்றுநோய்க்கு இந்த வழியில் வேலை செய்யும் மருந்து எதுவும் மருந்தகத்தில் கிடையாது. “புரத நொதியைக் கட்டுப்படுத்தும் மூலிகை” என்று யாராவது புலனத்தில் அனுப்பினால் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.

மூலிகை என்றதும் அம்மா நினைவுக்கு வருகிறார். அண்ணனின் கண் மஞ்சளானதும் அம்மா முதலில் தேடியது கீழாநெல்லி. எங்கள் குளிரில் அதை நான் பார்த்ததில்லை. தாப்பாவிலிருந்து சித்தி பிடுங்கி, பேருந்தில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அரைத்து மோரில் கலந்து காலையில் கொடுப்பார் அம்மா. படித்த பெண்ணான நான் அதைத் தடுத்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நானும் சில நாள் அரைத்தேன்.

அது மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கிய 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இருந்த இன்னொரு பெயர் பாரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி கிருமியை உலகுக்குக் காட்டிக்கொடுத்து 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். அவர் வேலை பார்த்த இடம்? அதே ஃபாக்ஸ் சேஸ். கயிற்றின் கதையும், கிருமியின் கதையும், எங்கள் வீட்டு அம்மியில் அரைபட்ட கீழாநெல்லியின் கதையும் பிலடெல்பியாவின் ஒரே ஆராய்ச்சி மையத்தில் சந்தித்துக்கொள்கின்றன என்று அறிந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தக் கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம், பறிக்கும் பருவம், பொடி செய்யும் முறை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் இன்றுவரை உறுதியான சான்று சேரவில்லை. நம்மவர்களில் பலர் 1988-ஐ மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. கீழாநெல்லியைக் குடித்ததால் அண்ணன் இறக்கவில்லை. அதைக் குடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவதை மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். அந்த 9 சென்டிமீட்டருக்கு மூன்று வாரம் பெரிய வித்தியாசத்தைச் செய்திருக்காது என்று மருத்துவர் பிறகு சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

மலாய்க்காரர்கள் அந்தச் செடியை ‘டுக்கோங் அனாக்’ என்கிறார்கள். பிள்ளையைச் சுமக்கும் செடி என்று பொருள். இலைக் காம்பின் அடியில் காய்கள் தொங்குவதால் வந்த பெயர். கீழே நெல்லி என்று நாம் சொல்வதும் அதைத்தான். அந்தப் பெயர் எனக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. ஏனென்றால் அண்ணனுக்குக் கிருமி வந்த வழியும் அதுதான்: சுமந்தவரிடமிருந்து.

அண்ணன் காரியம் முடிந்து பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லாரும் ரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. அம்மா முடிவைக் கேட்டுவிட்டு, “நானாம்மா குடுத்தேன்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. அம்மாவுக்கு யார் கொடுத்தார்கள் என்றால், பாட்டியாக இருக்கலாம். கங்காணியோடு கப்பல் ஏறி வந்தபோதே அதுவும் சேர்ந்து வந்திருக்கலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து கிருமி தொற்றும் குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்றினால் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். குழந்தையின் உடம்புக்கு அதை விரட்டத் தெரியாது. 30, 40 ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் விலாவுக்குக் கீழே கனக்கும்.

நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989-இல் தொடங்கியது. அண்ணன் 1974. நான் 1979. என் மகள் 2005. பிறந்த அன்றே ஊசி போட்டார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. என்னிடமிருந்து அவளுக்குப் போகாமல் தடுத்தது, அன்று எதற்கென்றே தெரியாமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். ஊசி போட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் தைவானைக் காட்டலாம். அங்கே 1984-இல் தொடங்கினார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நான் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். கிருமியை அழிக்காது, அடக்கிவைக்கும். புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமலே செய்துவிடாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். சில்லென்ற பசையைத் தடவி அந்தக் கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தும்போது நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டி 2 சென்டிமீட்டராக இருக்கும்போது கண்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டும் எரிக்கலாம். 9 சென்டிமீட்டரில் கண்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்தக் குவளையைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்குக் கிருமி என்று வெளியே தெரிந்ததும், கொட்டகையில் அவருக்கென்று தனிக் குவளை வைத்தார்கள். பச்சை நிற நெகிழிக் குவளை. தேயிலை விளையும் மலையில், 25 ஆண்டு ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள். இந்தக் கிருமி குவளையால் பரவாது. சேர்ந்து சாப்பிட்டால், கை குலுக்கினால், பக்கத்தில் படுத்தால் பரவாது. ரத்தம், தாம்பத்திய உறவு, பிரசவம், அடுத்தவரின் சவரக்கத்தி, சுத்தமில்லாத ஊசி, இவைதான் வழி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அண்ணன் எதுவும் பேசாமல் அந்தக் குவளையில் குடித்தார் என்று அண்ணிதான் பிறகு சொன்னார்.

அந்தக் குவளையைப் பார்த்த இன்னொருவன் என் தம்பி. 1984-இல் பிறந்தவன், அண்ணனோடு அதே கொட்டகையில் இருந்தவன். இப்போது கியா பார்மில் சோளக் கடை வைத்திருக்கிறான். அன்று எல்லாரும் ரத்தம் கொடுக்கப் போனபோது அவன் மட்டும் வரவில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்” என்பான். அண்ணனும் 41 வயது வரை நன்றாகத்தான் இருந்தார். தம்பிக்குப் பயம் நோயிடம் இல்லை, குவளையிடம்தான் என்று எனக்குப் புரிய இவ்வளவு ஆண்டுகள் ஆகிவிட்டன.

போன மாதம் அவனிடம் நோயைப் பற்றி எதுவும் பேசவில்லை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சிவப்புக் கயிற்றின் கதையைச் சொன்னேன். நாறிப்போன லாரியின் கதை அவனுக்கும் தெரியும், அவனும் சிரித்தான். பிறகு ஈரலுக்குள் நடப்பதும் அதுதான் என்றேன். சோளத்தைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான். “அவுக்கறவன புடிக்க இன்னும் மருந்து வரலயாக்கா?” என்றான். வரவில்லை என்றேன். கயிறு அவிழ்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், கொட்டகைக்குள் திருடன் இருக்கிறானா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றேன்.

பள்ளி விடுமுறையில், செவ்வாய்க்கிழமை, சிம்பாங் பூலாய் வழியாக ஏறிப் போகிறேன். தம்பியைத் தானா ராத்தாவுக்கு அழைத்துப் போக வேண்டும். அன்றைக்குச் சோளக் கடையை அண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.